பரோக் என்றால் வெறும் நகாசு வேலையா?

வணக்கம் சார்,

சமீபத்தில் குடும்பத்தோடு கோவா போயிருந்தோம். பழைய கோவாவில் பாம் ஜீசஸ் பேராலயத்தைக் காட்டி "இது பரோக் பாணி" என்றார் வழிகாட்டி. வெளியே மொட்டையான செம்புரைக்கல் சுவர், உள்ளே பலிபீடம் முழுக்கத் தங்க முலாம். இதில் எது பரோக்? ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்களும் ஒரு நாவல் மதிப்புரையில் 'பரோக்கான நடை' என்று எழுதியிருந்தீர்கள். அது பாராட்டா திட்டா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

திட்டுதான். அந்த நாவலில் ஒரு சூரியன் உதித்து முடிக்கவே ஒன்றரைப் பக்கம் ஆகிறது.

அந்தச் சொல் கலைக்குள் வந்ததே வசையாகத்தான். போர்த்துகீசிய மொழியில் கோணல்மாணலான முத்துக்கு பரோக்கோ என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் முதல் ஆப்பெரா, அதாவது இசை நாடகம், 1733இல் பாரிஸில் மேடையேறியபோது, அடுத்த ஆண்டே பெயர் போடாத ஒருவர் பத்திரிகையில் அதைப் பரோக் என்று நக்கலடித்தார். ரூசோ 1768இல் வெளியிட்ட இசை அகராதியில், ஹார்மனி (சுரங்கள் சேர்ந்தொலிக்கும் இசைவு) குழம்பி முரண்சுரங்கள் மண்டிக் கிடக்கும் இசைதான் பரோக் என்று எழுதிவைத்தார். 1888இல் வுல்ஃப்லின் என்ற கலை வரலாற்றாளர் எழுதிய நூலுக்குப் பிறகுதான் அது மெல்ல ஒரு காலகட்டத்தின் மரியாதையான பெயராக நிலைத்தது. இசைக்காரர்கள் இன்னும் தாமதமாக, 20ஆம் நூற்றாண்டில்தான் அதைக் கடன் வாங்கினார்கள். ஆக, 1600 முதல் 1750 வரை என்று ஏறக்குறைய நாம் கோடு போடுகிற அந்தக் காலத்தில் வாழ்ந்த எந்தக் கலைஞரும் தன்னைப் பரோக் என்று சொல்லிக்கொண்டதில்லை.

நகாசு அதிகமானால் பரோக் என்று பலரும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோமில் கொர்னாரோ சிற்றாலயத்துக்காக பெர்னினி என்ற சிற்பி செய்த புனித தெரசா சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே, நம் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு ஜன்னல் வைத்து வெளிச்சம் சிலைமேல் விழும்படி செய்திருக்கிறார். இரண்டு பக்கமும் கொர்னாரோ குடும்பத்தார், அவர்களும் பளிங்குதான், நாடகக் கொட்டகையின் மாடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஊரில் சான்ட் இக்னாசியோ தேவாலயத்துக்குக் குவிமாடம் கட்டவேயில்லை. பொட்சோ என்ற ஓவியர் 1685இல் துணியில் ஒரு குவிமாடத்தை வரைந்து மேலே பொருத்திவிட்டார். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தரையில் அடையாளமே இருக்கிறது, அங்கிருந்து நகர்ந்தால் குவிமாடம் கோணிக்கொள்ளும். பார்க்கிறவர் எங்கே நிற்பார், எப்போது மலைப்பார் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்கிற கலை அது. சீர்திருத்த சபைகளிடம் ஆட்களை இழந்துகொண்டிருந்த கத்தோலிக்கத் திருச்சபைக்கு அந்த மலைப்பு தேவைப்பட்டது.

கரவாஜியோவின் 'புனித மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தில் நகாசே கிடையாது. இருட்டு அறை, காசு எண்ணும் மேசை, பக்கவாட்டிலிருந்து பாயும் ஒளி, அவ்வளவுதான். அதுவும் பரோக்தான்.

இனி கோவா. அந்தச் செம்புரைக்கல் சுவர் ஆதியில் மொட்டையாக இருந்ததல்ல. சுண்ணாம்புப் பூச்சு இருந்தது, 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் உரித்தார்கள். மழையில் அந்தக் கல் படும் பாட்டைப் பார்த்தால் உரிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். கட்டடம் முடிந்தது 1605இல், அதாவது பரோக் தொடங்கும் வாசலில், அதனால் முகப்பில் பழைய மறுமலர்ச்சிப் பாணியும் கலந்திருக்கிறது. நிஜமான பரோக் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே புனித சவேரியாரின் கல்லறை மேடைதான். டஸ்கனியின் கோமான் மூன்றாம் கோசிமோ கொடுத்தது, ஃபிளாரன்ஸ் சிற்பி ஃபொஜ்ஜினி செய்தது, 1698இல் அங்கே நிறுவினார்கள்.

பாக் விஷயத்துக்கு நீளமாக எழுதினால் இதுவும் அந்த நாவல் மாதிரி ஆகிவிடும். தனி வயலினுக்கு அவர் எழுதிய டி மைனர் பார்ட்டிட்டா என்ற இசைத் தொகுப்பின் கடைசிப் பகுதியான சக்கோனை மட்டும் கேளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரே ஒரு வயலின், பக்கவாத்தியம் எதுவும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதாக நம் காது நம்ப ஆரம்பித்துவிடும். பொட்சோவின் குவிமாடம்போல இதுவும் கணக்குப் போட்டுச் செய்த வேலைதான்.