அதிகம் பேசப்படாத, ஆனால் நீங்கள் அடிக்கடி கேட்கும் வெளிநாட்டு இசை ஆல்பம் எது?

ஸ்வீடனைச் சேர்ந்த ரக்னரோக் குழுவின் முதல் ஆல்பம். 1976இல் வந்தது, ஆல்பத்தின் பெயரும் ரக்னரோக்தான்.

நார்ஸ் புராணத்தில் ரக்னரோக் என்றால் தேவர்கள் மடிந்து உலகமே அழியும் கடைசிப் போர். காது கிழியப்போகிறது என்று வால்யூமைக் குறைத்துவைத்துத்தான் ஆரம்பித்தேன். வந்ததோ கிதாரும் புல்லாங்குழலும். எழுந்துபோய்க் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று. உருப்படிகளின் பெயர்களைத் தமிழில் சொன்னால், 'நடைகள்', 'புதிதாய்ச் சுட்ட ரொட்டி', 'மழைநீர்க் குட்டைகள்'. உலகம் அழிகிற லட்சணம் இதுதான்!

எனக்குப் பிடித்தது 'பொல்ஸ்கா ஃப்ரோன் கால்மர்'. கால்மர், தென்கிழக்குக் கடற்கரையில் இவர்களுடைய சொந்த ஊர். பொல்ஸ்கா, கிராமத்தில் பிடில் வாசிக்க ஜோடியாகச் சுழன்று ஆடும் நடனம். மூன்றடித் தாளம்தான், ஆனால் வால்ட்ஸ் மாதிரி முதல் அடியோடு அழுத்தம் முடிந்துவிடாது. பெரும்பாலும் ஒன்றும் மூன்றும் கனக்கும், நடு அடி நழுவும். தொடையில் தட்டிப் பாருங்கள், கை இரண்டு முறையாவது தடுமாறும்.

நாட்டுப்புற மெட்டை ஜாஸில் வாசிப்பது அங்கே புதிதில்லை. ஸ்வீடனின் ஜாஸ் பியானோ கலைஞர் யான் யோஹான்சன் 1964லேயே பியானோவும் பாஸும் மட்டும் வைத்து அதைச் செய்துவிட்டார். இவர்கள் அந்த மென்மையை விடாமல் எலெக்ட்ரிக் கிதாரையும் டிரம்ஸையும் உள்ளே விட்டார்கள். 'ஃபாப்ரிக்ஸ்ஃபங்கி' என்ற உருப்படி மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ஃபங்க் என்ற துள்ளல் தாள இசைமேல் அந்தக் காலத்து ஆசை, விட்டுவிடலாம். கிதாரும் புல்லாங்குழலும் வாசித்த ஹென்ரிக் ஸ்ட்ரிண்ட்பெர்க் பின்னாளில் நவீன செவ்வியல் இசையமைப்பாளர் ஆனார்.

ஏன் கவனிக்கப்படவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். அப்போது ஸ்வீடனில் ஒரு பக்கம் 'அப்பா' (ABBA) என்ற பாப் குழு. மறுபக்கம் அதை வணிக இசை என்று திட்டிய 'ப்ராக்' இயக்கம். அங்கே இடதுசாரிப் பாடல் வரிகளுக்குத்தான் மவுசு. இவர்களும் அந்த இயக்கத்தின் சைலன்ஸ் நிறுவனத்தில்தான் வெளியிட்டார்கள், ஆனால் இசையில் கோஷம் போட ஒரு வரிகூடக் கிடையாது.

சரி, கேட்பதென்றால் 'ப்ரமனாடர்', அதாவது அந்த 'நடைகள்', அதிலிருந்து தொடங்குங்கள். தேடும்போது ஸ்வீடன், 1976 இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் இதே பெயரில் 1975இல் ஆல்பம் போட்ட நியூசிலாந்துக் குழு வரும், அப்புறம் வரிசையாக மெட்டல் குழுக்கள்தான். அப்போது வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.