காணியை விற்க முன் மெழுகுக் கட்டியைத் தேடுங்கள்

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது, புகைத்ததே இல்லை. இருமலுக்கு முதலில் காசநோய் என்று நினைத்துச் சளி சோதித்தார்கள். பிறகு நெஞ்சில் கட்டிய நீரை எடுத்து, ஊசியால் சதையும் எடுத்துப் பார்த்து, நுரையீரல் புற்றுநோய், 'அடினோகார்சினோமா' என்ற வகை, நான்காம் நிலை, முதுகெலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். ஒருவர் 'பக்கேஜ்' பேசி முற்பணம் கேட்கிறார். வயலை விற்கலாமா? இந்த வயதில் அம்மா கீமோ தாங்குவாவா?

பதில்: முற்பணம் கொடுக்காதீர்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

நான்காம் நிலையில் நோயைக் கட்டுப்படுத்தலாம், நோவைக் குறைக்கலாம், காலத்தை நீட்டலாம். அடியோடு எடுக்க முடியாது. சென்னையிலும் இதுதான், கொழும்பிலும் இதுதான். 'அங்கே போனால் சுகமாக்கித் தருவார்கள்' என்று சொல்பவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கிடைக்கலாம். அப்படிப் போய் வந்த ஒரு குடும்பத்தின் பைலைத் திறந்து பார்த்தேன். ஒரே ஸ்கேன் மூன்று இடத்தில் எடுத்திருந்தது. கட்டாயம் செய்திருக்க வேண்டிய ஒரு பரிசோதனை மட்டும் இல்லை.

உங்கள் அம்மாவுக்கும் அந்தப் பரிசோதனைதான், அதாவது கட்டியின் மரபணுப் பரிசோதனைதான் முக்கியம். புகைக்காத ஆசியப் பெண்களுக்கு அடினோகார்சினோமா வந்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியில் 'ஈஜிஎப்ஆர்' என்ற மரபணு மாறியிருக்கும். இருந்தால் கீமோ ஊசி இல்லாமல் ஜெபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரையை வீட்டிலிருந்தே விழுங்கலாம். படுக்கையில் கிடந்தவர் சில வாரத்தில் எழுந்து முற்றத்தில் நடந்ததும் உண்டு. பலருக்கு ஒரு வருடம் போல நோய் அடங்கியிருக்கும், பிறகு வேறு வழி பார்த்து வளரும். தோல் தடிப்பு, வயிற்றோட்டம் வரலாம். மாத்திரை தொடங்கிய பிறகு புதிதாக முட்டு (மூச்சுத்திணறல்) வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதற்கு அம்மாவை மறுபடி ஊசியால் குத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்த சதையை மெழுகில் பதித்து, சின்னக் கட்டியாக ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். அது போதாவிட்டால் நெஞ்சிலிருந்து எடுக்கும் நீரிலும் பார்க்கலாம். 'மெழுகுக் கட்டியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா?' என்று கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள். காசு கட்ட வேண்டி வரலாம். இதை நீங்கள் கேட்க வேண்டியிருப்பதே கேவலம். அறிக்கையில் யாராவது 'மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்தது. அறிக்கை ஒரு கட்டடத்தில், மெழுகுக் கட்டி இன்னொரு கட்டடத்தில், நோயாளி ஏ9 வீதியில் பஸ்ஸில்!

மரபணு மாற்றம் இல்லையென்றால்தான் கீமோவைப் பற்றிய பேச்சு. அதற்கும் வயதை மட்டும் பார்ப்பதில்லை. அம்மா தானே குளித்து, சமையலறைக்குப் போய் வருகிறாவா? அப்படியென்றால் யோசிக்கலாம். பகலில் பாதிக்கு மேல் பாயிலேயே கிடக்கிறா என்றால் கீமோ நோயைவிட அதிகம் வாட்டும். எந்தப் பக்கம் போனாலும் அம்மாவையும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அண்ணா பேசுகிறார், பக்கேஜ்காரர் பேசுகிறார், அம்மா பேசவே இல்லை.

முதுகு நோவுக்கு இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். எலும்பு நோவுக்குப் பல வேளைகளில் ஒரே ஒரு தடவை கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலே போதும். மோர்பின் தந்தால் பயப்படாமல் கொடுங்கள், கூடவே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். கால்கள் திடீரென்று சோர்ந்தால், மூத்திரம் அடைத்தால், கிளினிக் நாள் வரும் வரை இருக்காமல் அன்றைக்கே ஓடுங்கள்.

அண்ணாவின் காசு பரிசோதனைக்கும் கிளினிக் நாளில் வான் கூலிக்கும் உதவும். அந்த முதுகோடு அம்மாவைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம்.