ஒகவாங்கோ கூடார முகாமில் தங்குவது அவ்வளவு செலவுக்குத் தகுமா?

கேட்ட கேள்வி இதுதான்: ஆப்பிரிக்க ஈரநிலக் காட்டுக்குள் இருக்கும் சின்னச் சொகுசுக் கூடார முகாம்களுக்கு இவ்வளவு பணம் கொடுத்துப் போகலாமா, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

போகலாம். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகலாம், செலவு எவ்வளவோ குறையும். இங்கே கொடுக்கும் பணம் தண்ணீருக்கும், பக்கத்தில் வேறு ஆளே இல்லாத அமைதிக்கும்.

நானும் கணவரும் போனது போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவுக்கு, ஜூலை மாதம், நான்கு இரவு. மொத்தம் எட்டுக் கூடாரம். கூடாரம் என்றதும் தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுப்பதாக நினைக்க வேண்டாம். தரையிலிருந்து உயர்த்திய மரத்தளம், அதன்மேல் கெட்டித் துணிச் சுவர், வலைச் சன்னல், நல்ல கட்டில், பின்பக்கம் வெந்நீர் வரும் குளியலறை எல்லாம் உண்டு. சுற்றி வேலி மட்டும் கிடையாது. இருட்டிய பிறகு சாப்பிடப் போவதற்கும் திரும்புவதற்கும் முகாம் ஆள் டார்ச்சோடு கூட வருவார், தனியாக இறங்கவே கூடாது, இதில் சமரசமே இல்லை.

ஏன் ஜூலை என்றால், அங்கே அப்போது ஒரு சொட்டு மழை பெய்யாது, ஆனால் வெள்ளம் நிறைந்து நிற்பது அப்போதுதான். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை ஆற்றோடு இறங்கி, கலகாரி மணலில் பரவி, சரிவே தெரியாத சமவெளியில் கோரைக்கும் நாணலுக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. அந்த ஆறு கடலுக்குப் போவதே இல்லை. வரும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகியும் செடிகள் உறிஞ்சியும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. சுற்றுப்புறம் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் தண்ணீர் ஏறுவதால் யானை, எருமை, லெச்வே மான் எல்லாம் தேடி வந்துவிடும். அந்த நாட்டுப் பணத்தின் பெயர் புலா, அவர்கள் மொழியில் மழை என்று அர்த்தம். அங்கே நான்கு நாள் இருந்தால் ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று புரிந்துவிடும்.

எனக்கு மனதில் நிற்பது மொகோரோ பயணம். ஆழமில்லாத தண்ணீரில் நீளக் கோல் ஊன்றித் தள்ளும் ஒல்லியான தோணி. முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது மரங்களைக் காப்பதற்காகப் பெரும்பாலும் ஃபைபரில்தான். நாம் உட்காரும் இடம் அவ்வளவு தாழ்வு, தண்ணீர் முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்கும். மோட்டார் சத்தம் கிடையாது, நாணல் தோணியின் பக்கவாட்டில் உரசும் சத்தம் மட்டும்தான். கோல் போடுகிறவர் திடீரென்று நிறுத்தி, "மா, இங்கே பாருங்கள்" என்றார். அங்கே பெண்களை மரியாதையாக அழைப்பது மா, ஆண்களை ரா, நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் சொல். ஒரு நாணல் தண்டில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை, வெளிர் உடம்பில் பழுப்புக் கோடுகள், கால்களை மடித்துப் பசை வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் அதையே பார்த்தோம், அது அசையவில்லை. யானையைப் பார்த்ததைவிட எனக்கு அது பெரிது.

அப்புறம் ஒரு தீவில் இறங்கி நடந்தோம். அங்குள்ள தீவுகளில் பல, கரையான் புற்றிலிருந்து தொடங்கியவை. தண்ணீருக்கு மேலே நிற்கும் புற்றில் பறவை எச்சத்தோடு விதை விழுந்து, மரம் வளர்ந்து, மண் சேர்ந்து தீவாகிறது. ஓரத்து மரங்கள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடுவதால் அது நடுவில் போய்ச் சேர்கிறது. அதனால் சுற்றிலும் பச்சை, நடுவில் மட்டும் புல்கூட முளைக்காத வெள்ளைத் தரை. வழிகாட்டி அந்த மண்ணைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார், மாவு மாதிரி இருந்தது. ஆற்றில் கரைந்து வரும் உப்பு இப்படித் தீவுகளின் நடுவில் அடைபடுவதால்தான் சுற்றியுள்ள தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது.

இரண்டாம் இரவு கூடாரத்துக்குப் பக்கத்திலேயே பரக், பரக் என்று சீராகப் புல் பிடுங்கும் சத்தம். நீர்யானை. பல்லால் கடிக்காது, அகன்ற உதட்டால் பற்றிப் பறிக்கும். வலைச் சன்னல் வழியாக நிலா வெளிச்சத்தில் முதுகு மட்டும் தெரிந்தது. மூச்சுவிடுவது கூடத் தெளிவாகக் கேட்டது. பயமாக இருந்ததா என்றால் இருந்தது, ஆனால் தூங்கிவிடக் கூடாதே என்ற ஆசை அதைவிட அதிகம். காலையில் போய்ப் பார்த்தால் படிக்கட்டுக்கு அருகே புல்லை ஒட்ட வெட்டிவிட்ட மாதிரி இருந்தது.

செலவு: ஜூன் முதல் அக்டோபர் வரை ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம், சாப்பாடும் காட்டுக்குள் போய்வருவதும் அதில் அடக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக் காலம், கணிசமாகக் குறையும், பறவைகள் அப்போதுதான் அதிகம். ஆள் குறைவு, கட்டணம் அதிகம் என்பதை அந்த நாடே கொள்கையாக வைத்திருக்கிறது. நான்கு நாளில் வேறு வண்டி ஒன்றைக்கூட நாங்கள் பார்க்காததற்குக் காரணம் அதுதான். அவ்வளவு முடியாது என்றால் மொரேமி காப்பகத்தில் தேர்டு பிரிட்ஜ் போன்ற இடங்களில் சொந்தக் கூடாரம் போட்டுத் தங்கலாம், மாவுன் ஊரிலிருந்து ஓரிரு நாள் மொகோரோவில் மட்டும் போய்வரலாம். தவளையும் நாணலும் அங்கேயும் உண்டு.

முன்பதிவு செய்யும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அது தண்ணீர் முகாமா, தரை முகாமா? நடுத் தண்ணீரில் இருக்கும் சில முகாம்களில் ஜீப் பயணமே இருக்காது, சிங்கம் பார்க்கும் வாய்ப்பும் குறைவு. இரண்டும் கலந்த இடம் முதல் முறை போகிறவர்களுக்கு நல்லது. இரண்டு முகாமில் இரண்டிரண்டு நாள் என்று பிரிக்காமல் ஒரே இடத்தில் மூன்று இரவாவது இருங்கள்.

மாவுனிலிருந்து முகாமுக்குச் சின்ன விமானம்தான். பெட்டி கெட்டியாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள், துணிப் பைதான் வேண்டும், எடை 15 முதல் 20 கிலோவுக்குள். எங்கள் முகவர் இதைச் சொல்லவே இல்லை, மாவுனில் பை வாங்கி மாற்றி அடுக்கியதில் அரை நாள் போனது. சைவம் என்றால் முன்கூட்டியே எழுதுங்கள், எல்லாப் பொருளும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். எங்களுக்கு மக்காச்சோள மாவுக் களியும் மொரோகோ என்ற கீரையும் கிடைத்தன, வீட்டுச் சாப்பாடு போலவே இறங்கின. ஜூலைக் காலை கடுங்குளிர், ஜீப்பில் மடியில் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுப்பார்கள், அப்படியும் ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் போகும் முன்பே தொடங்குங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் வயது வரம்பை முதலில் கேளுங்கள், பல முகாம்களில் 6 வயதுக்குக் கீழ் சேர்ப்பதில்லை, சிலவற்றில் 12. அப்புறம் பைனாகுலர், ஆளுக்கு ஒன்று. ஒன்றை இருவர் மாற்றி மாற்றிப் பிடித்தால், மீன்கழுகு தண்ணீரைத் தொட்டு எழும்பும் அந்த நொடி ஒருவருக்குப் போய்விடும்.