இட்லிப்பூவும் செம்பருத்தியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

வாசல் மதிலோரம் ஒரு செம்பருத்தியும் ஒரு இட்லிப்பூவும் ஒரே நாளில் வைத்தோம். இரண்டுக்கும் போர் தண்ணீர்தான். மாதம் ஒருமுறை தொழுவுரம், முட்டை ஓடு, விறகுச் சாம்பல். செம்பருத்தி தழைத்து நிற்கிறது; ஆனால் நுனியெல்லாம் வெள்ளைப் பூச்சி, மொட்டும் விரியுமுன் உதிர்கிறது. இட்லிப்பூவில் தளிர் எலுமிச்சை நிறத்தில் வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. மாதாமாதம் கத்தரித்தும் பூ இல்லை. இரண்டையும் ஒன்றுபோலத்தானே பார்த்துக்கொள்கிறோம்?

ஆர்., மேடவாக்கம்

அன்புள்ள ஆர்.,

முதல் வேலையாக இட்லிப்பூவுக்கு முட்டையோடும் சாம்பலும் போடுவதை நிறுத்துங்கள். இரண்டும் மண்ணில் காரத்தைக் கூட்டுபவை. இட்லிப்பூ புளிப்பு மண்ணில் வளரும் செடி, மண்ணின் புளிப்பு-கார அளவான பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் செழிக்கும். உங்கள் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால், அதே சுண்ணாம்புதான் தினமும் வேரடியில் சேர்கிறது. போதாததற்கு சிமெண்ட் மதிலிலிருந்து கசிவது வேறு. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. நரம்பு பச்சையாக, தளிர் மட்டும் வெளுப்பது அதன் அடையாளம். அடி இலைகள் முதலில் மஞ்சளித்திருந்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்று சொல்லியிருப்பேன்.

உடனடி வைத்தியம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதி சேர்த்து, கலக்கிய கையோடு மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். கரைசல் பழுப்பேறிவிட்டால் பயனில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. மதில், டைல்ஸ் மேல் பட்டால் துருக்கறை எளிதில் போகாது. வேரில் ஊற்றுவதானால் அன்னபேதி வீண், அந்த மண் அதையும் பூட்டிவிடும். உரக்கடையில் இரும்பு இ.டி.டி.ஹெச்.ஏ. என்று கேளுங்கள், கார மண்ணிலும் வேருக்குக் கிடைக்கும் இரும்பு வகை அது. இ.டி.டி.ஏ. வகை மலிவு, ஆனால் கார மண்ணில் நிற்காது.

பூ வராததற்குக் காரணம் உங்கள் கத்தரிக்கோல். இட்லிப்பூ கிளை நுனியில் பூப்பது. மாதாமாதம் நுனியை வெட்டினால் மொட்டையே வெட்டுகிறீர்கள். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும், வாடிய கொத்துக்குக் கீழே ஒரு ஜோடி இலையோடு வெட்டினால் போதும். செம்பருத்தி நேர்மாறு. புதுக்கிளையின் இலைக்கக்கத்தில் பூப்பதால் வெட்ட வெட்டத்தான் பூ. தை, மாசியில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடலாம், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே.

செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. அதிகம் அப்பிய நுனிகளை வெட்டி சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். 5 மில்லி வேப்பெண்ணெயில் 2 மில்லி திரவ சோப்பை முதலில் கலந்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்துத் தெளிக்கவும், வாரம் ஒன்றாக மூன்று முறை. சோப்பு இல்லாவிட்டால் பூச்சியின் மேலுள்ள மெழுகுப் போர்வையில் ஒன்றும் ஒட்டாது. எறும்பு ஏறும் வழியையும் அடைத்துவிடுங்கள். பூச்சியின் தேன்கழிவுக்காக அதைக் காவல் காப்பது எறும்புதான். கடை விஷம் வேண்டாம். 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. விஷம் அடித்தால் அந்தக் குளவியும் சாகும்.

உதிர்ந்த மொட்டை நகத்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிறு புழு நெளிந்தால், உதிர்ந்தவற்றைத் தினமும் பொறுக்கி பையில் கட்டி எறியுங்கள். விட்டால் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். புழு இல்லையென்றால் தண்ணீர்க் கோளாறு: ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விடுவது. டி.ஏ.பி. உரத்தை அள்ளிப் போடாதீர்கள், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிஞ்சினால் செம்பருத்திக்கும் இலை வெளுக்கும். சாம்பல் இதற்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி போதும்.

இட்லிப்பூவை இடம் மாற்ற எண்ணினால் ஐப்பசி மழை தொடங்கியதும் வேர்மண் உதிராமல் எடுங்கள். மதிலிலிருந்து இரண்டடியாவது தள்ளி ஒன்றரையடிக் குழி. செம்மண் இரண்டு பங்கு, நன்கு கழுவிய தென்னைநார்க் கழிவு ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று. மழைநீர் பிடித்து ஊற்றலாம். ஏ.சி. வடிகுழாய்த் தண்ணீரும் நல்லது, அதில் சுண்ணாம்பு கிடையாது. ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது உங்கள் போர் தண்ணீரைவிட மோசம்.