விற்கத் தெரிந்தவர் ஏன் இன்னொருவருக்காக விற்கிறார்?

இணையத்தில் விற்கத் தெரிந்த ஒருவர் தன் பொருளையே விற்றுச் சம்பாதிக்கலாமே, ஏன் ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் இருந்தபடியே இரண்டு விதமாகவும் உழைத்துப் பார்த்தவன் நான். திறமையின் அளவைவிட, பரிசோதனையில் கரையும் பணம் யாருடையது என்பதே இதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

2018இல் பனங்கட்டியையும் புழுக்கொடியலையும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு விற்பதற்காக முகநூலில் விளம்பரம் போட்டேன். விளம்பரம் அமைக்கும் வேலை எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் முகநூலின் விளம்பர முறை, ஒரு விளம்பரத் தொகுதிக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 50 விற்பனைகளாவது கிடைத்த பிறகே நிலைப்படும். அதுவரை யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்பதை அது படித்துக்கொண்டிருக்கும், அந்தப் படிப்புச் செலவு எங்களுடையது. ஒரு விற்பனைக்கு 1,500 ரூபா விளம்பரச் செலவு என்று வைத்தாலும் 50 விற்பனைக்கு 75,000 ரூபா வேண்டும். என்னிடம் இருந்தது 40,000 ரூபா, அது ஒன்பதாம் நாளே தீர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, பொதியை அனுப்பும் செலவு பனங்கட்டியின் விலையைத் தாண்டி நின்றது. அதை முதலே கணக்குப் பார்க்காதது முழுக்க என் பிழை.

பிறகு ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது, முதல் மாதத்தில் மூன்று விதமான விளம்பரங்களைச் சோதித்தேன். இரண்டு படுத்துவிட்டன. என்னுடைய பணமாக இருந்திருந்தால் இரண்டாவதோடு கடையைப் பூட்டியிருப்பேன். அங்கே முகாமையாளர், "சரி தம்பி, மூண்டாவதைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். முன்னர் வாங்கியவர்களின் பட்டியல், மக்களுக்குத் தெரிந்த பெயர், பொருளைக் கட்டி அனுப்ப ஆட்கள் என்று தனி ஒருவரிடம் இல்லாத எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. வயலிலும் இதே கணக்குத்தான்: இரணைமடுக் குளத்தின் கீழ் உழவு இயந்திரம் ஓட்டுபவருக்கு, பயிர் விளைந்தாலும் வெள்ளத்தில் அழிந்தாலும் ஏக்கர்க் கணக்கில் உழவுக்கூலி உண்டு. வயற்காரருக்கு அழிந்தால் விதைநெல்லும் போகும், விளைந்தால் மூட்டைகள் அவருடையவை.

அந்த மூட்டைகளுக்காகத்தான் சிலர் தனியே போகிறார்கள். நிறுவனத்தின் விற்பனையை இரு மடங்காக்கினாலும் சம்பளம் இரு மடங்காவதில்லை. விளம்பரக் கணக்கும் வாடிக்கையாளர் பட்டியலும், விலகும் நாளில் நிறுவனத்திடமே நின்றுவிடும். விற்பனையில் பங்கு தருவதாக வாயால் சொன்ன முதலாளி ஒருவர், இலக்கைத் தொட்ட பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொந்த இணையத்தளமோ வருமானம் தருவதோடு, ஒருநாள் விற்கவும் கூடிய சொத்து. வன்னியில் இன்னொரு காரணமும் உண்டு: இத்தகைய வேலைகள் பெரும்பாலும் கொழும்பில்தான் இருக்கின்றன, வயதான தாய் தகப்பனை விட்டுப் போக முடியாதவர் துணிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியே உழைக்க வேண்டியவராகிறார். ஆனால் 'சொந்தம்' என்பதையும் அளவோடுதான் நம்பலாம். 2020 ஏப்ரலில் அமேசான், தன் பொருட்களைப் பரிந்துரைத்து விற்றுத் தருபவர்களுக்கான தரகை, தளபாட வகையில் 8 வீதத்தில் இருந்து 3 வீதமாகக் குறைத்தது. அதை மட்டும் நம்பித் தளம் நடத்தியவரின் வருமானம், அவர் ஒரு பிழையும் செய்யாமலே பாதிக்கும் கீழே போயிருக்கும்.

எங்கள் நாட்டுக்கே உரிய கணக்குகளும் இருக்கின்றன. நான் தொடங்கிய காலத்தில் இலங்கையில் பேபால் என்ற இணையப் பணச் சேவை மூலம் பணம் அனுப்பலாம், பெற முடியாது. ஆகவே வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் வேறு வழியை விளக்க வேண்டியிருந்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை போனபோது, சொன்ன நேரத்துக்கு வேலையைக் கொடுக்க முடியாமல் தவித்தவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியதால், டொலரில் உழைத்தவருக்கு ரூபாக் கணக்கில் வருமானம் ஏறியது, ரூபாச் சம்பளக்காரருக்கு விலைவாசி மட்டும் ஏறியது. மறுபக்கம், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி போடும் 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குப் போடும் 3 வீதத்தையும் தனியாள் தானே சேமித்தால்தான் உண்டு. வங்கியும் பெண் வீட்டாரும் சம்பளச் சீட்டைத்தான் கேட்கிறார்கள். மாதம் நான்கு இலட்சம் உழைக்கிறேன் என்று திரையைக் காட்டினால் இருவருமே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

திறமையாளர் எல்லோரும் தனியே போய்விடுவார்கள் என்று கற்பிக்கும் வகுப்புகளை நடத்துவோரில் பலருக்கு, வருமானமே அந்த வகுப்புக் கட்டணம்தான் என்பதையும் கவனியுங்கள்.

நான் இப்போது பகலில் சம்பளத்துக்கு இருக்கிறேன், இரவில் வீட்டுத்தோட்டம் பற்றிய என் தளத்தைப் பார்க்கிறேன். சென்ற மாதம் அது தந்தது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. பாதியைத் தாண்டி ஆறு மாதம் நின்றால், வேலையை விடுவது பற்றி அம்மாவிடம் பேச்சை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.