ஒரே ஒரு பெயருக்கு மட்டும் குறியிடலாமா?

மொரீசியஸின் ரோஸ் ஹில் நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அடுத்த பொதுத்தேர்தலில் எங்கள் தொகுதியில் ஒரு தமிழர் நிற்பார் என்கிறார்கள். கோவில் வட்டாரத்தில் சிலர், 'அவருக்கு மட்டும் குறியிடுங்கள். மற்ற இருவருக்கும் போட்டால் அவர்கள் நம் ஆளை முந்திவிடுவார்கள். தோற்றாலும் தமிழர் கணக்கில் பெஸ்ட் லூசராக, அதாவது தோற்றவர்களில் சிலருக்குச் சமூகக் கணக்கில் தரும் கூடுதல் இடத்தில், வந்துவிடுவார்' என்று சொல்லி வருகிறார்கள். பக்கத்து வீட்டம்மா ரொத்ரீக் தீவில் பிறந்தவர். அவரோ இரண்டு குறி போதும் என்கிறார். எது சரி?"

சகோதரி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயருக்கு மட்டும் குறியிட்ட சீட்டு செல்லாது. இரண்டு பெயருக்கு இட்டதும் செல்லாது. நீங்கள் பதிவாகியிருக்கும் 19ஆம் எண் தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். ஆகவே மூன்று வெவ்வேறு பெயர்களுக்கு நேரே மூன்று பெருக்கல் குறிகள் இட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இது அதிகாரிகள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கம் அன்று. மூன்று பேருக்கு முறையாக வாக்களிக்காதவரின் வாக்கு எண்ணப்படாது என்று அரசியலமைப்பின் முதல் அட்டவணையே சொல்கிறது.

வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்த ஆண்டுகளில் என்னை மிகவும் வருத்தியவை இப்படிப்பட்ட சீட்டுகள்தான். ஒரு சீட்டில் ஒரே பெயருக்கு நேரே மூன்று குறிகள் வரிசையாக இருந்தன. பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் தாளின் மறுபுறம் தடித்திருந்தது. தன் மூன்று வாக்குகளையும் தனக்குப் பிடித்தவருக்கே கொடுத்துவிட்டதாக அந்த வாக்காளர் நிறைவோடு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அந்தச் சீட்டு ஒதுக்கப்பட்டது. அவர் விரும்பிய வேட்பாளருக்கு ஒரு வாக்குகூடச் சேரவில்லை.

ஆகவே, 'ஒரு குறி போதும்' என்று வீடு வீடாகச் சொல்லி வருபவர் யார், யாருக்காக வருகிறார் என்று கவனியுங்கள். பாதிப் பேர் அறியாமையால் சொல்கிறார்கள். மீதிப் பேரை நான் நம்பமாட்டேன். ஒரு வேட்பாளரை வீழ்த்த விரும்பும் எதிர்முகாமுக்கு, அவருடைய ஆதரவாளர்களின் சீட்டுகளை அவர்கள் கையாலேயே செல்லாததாக்குவதைவிட மலிவான வழி கிடையாது. கிரியோலில் 'ரோடேர் பூ' என்று நாம் சொல்லும் ஆதாயம் தேடிகள், தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறினாலும் கோவில் வாசலை மட்டும் மறப்பதில்லை.

அவர்கள் சொல்லும் கணக்கில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. அதனால்தான் அது எடுபடுகிறது. மற்ற இரு குறிகளும் உங்கள் வேட்பாளரின் போட்டியாளர்களுக்கு உதவக்கூடும். ஆனால் அதற்குச் சட்டத்துக்கு உட்பட்ட மாற்று வழி இருக்கிறது. மூன்று குறிகளும் ஒரே கூட்டணிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. அப்படி ஒரே பக்கம் போடும் 'வோட் பிளோக்' என்பது கட்சிகளின் வேண்டுகோள். 'கூப்பே-த்ராஞ்சே' செய்வது, அதாவது பல கட்சியினருக்குப் பிரித்துப் போடுவது, உங்கள் உரிமை. சீட்டில் உள்ள சிறு கட்சியினரிலும் சுயேச்சைகளிலும் நீங்கள் மதிக்கக்கூடிய இருவரைத் தேர்ந்து மற்ற இரு குறிகளையும் அவர்களுக்கு இடலாம். பெயர்கள் அகரவரிசையில் கலந்து கிடக்கும். ஆகவே பெயரையும் சின்னத்தையும் வீட்டிலேயே மனத்தில் பதித்துக்கொண்டு போங்கள். கை தவறிவிட்டால் சீட்டைப் பெட்டியில் போடாமல் அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது பெஸ்ட் லூசர் பேச்சு. தமிழருக்கென்று அப்படி ஓர் இடமே கிடையாது. அரசியலமைப்பு இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், பொது மக்கள் (மற்ற மூன்றிலும் சேராதவர்கள்) என்று நான்கு சமூகங்களைத்தான் அறியும். தமிழர் இந்துக்களோடு சேர்த்தே எண்ணப்படுகிறோம். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 62 பேருக்கு மேல் கூடுதலாக வரக்கூடிய எட்டு இடங்களும், அவையில் தம் மக்கள்தொகைக்குக் குறைவாக இருக்கும் சமூகத்துக்கே போகும். அந்த மக்கள்தொகைக் கணக்கோ 1972ஆம் ஆண்டினுடையது! அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். தேர்தல் முறையை ஆராய்ந்த சாக்ஸ் ஆணையம் 2002இல் சீர்திருத்தம் சொன்னது. அதன் பிறகும் அறிக்கைகள் வந்தன. ஒவ்வோர் அரசும் வாக்குறுதி தருகிறது, ஒவ்வோர் அரசும் ஒத்திப்போடுகிறது. 2024 நவம்பரில் ஒரே கூட்டணி முதன்மைத் தீவின் 60 இடங்களையும் வாரிக்கொண்டது. 1982இலும் 1995இலும் நடந்ததும் அதுவே. இத்தனைக்குப் பிறகும் இந்த முறையை அப்படியே வைத்திருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. ஆகவே, 'தோற்றாலும் வந்துவிடுவார்' என்பதை நம்பி வாக்கை வீணாக்காதீர்கள்.

கோவில் வட்டாரம் என்றதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தைப்பூசக் காவடிக்குப் பந்தல் போட்டுத் தருகிறேன், மண்டபத்துக்கு நிலம் வாங்கித் தருகிறேன் என்று தேர்தல் நேரத்தில் வருபவரிடம் நிர்வாகிகள் எட்டியே நிற்கட்டும். 2005 தேர்தலில் 8ஆம் எண் தொகுதியில் வென்ற ஒருவரின் வெற்றியை உச்ச நீதிமன்றம் 2007இல் ரத்து செய்தது. நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2008இல் அதை உறுதிப்படுத்தியது. அவர்மீது நிரூபணமான குற்றங்களில் ஒன்று, ஒரு சமூகத்தாருக்கு இடுகாட்டு நிலத்தை விரிவாக்கித் தருவதாகச் சொன்ன வாக்குறுதி.

இனி உங்கள் அண்டை வீட்டம்மாவைப் பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. ரொத்ரீக் 21ஆம் எண் தொகுதி. அங்கே இரண்டு உறுப்பினர்கள், ஆகவே இரண்டு குறிகள். ஆனால் எங்கே பிறந்தோம் என்பது கணக்கில் வராது. எந்தத் தொகுதிப் பட்டியலில் பெயர் பதிவாகியிருக்கிறது என்பதே கணக்கு. அவர் பெயர் ரோஸ் ஹில் பட்டியலில் இருந்தால், ரொத்ரீகில் எத்தனை முறை இரண்டு குறி இட்டிருந்தாலும், இங்கே அவர் மூன்று குறிகள் இட்டாக வேண்டும். பெயர் இன்னும் ரொத்ரீக் பட்டியலிலேயே இருந்தால், அவர் வாக்களிக்க வேண்டிய இடம் அந்தத் தீவு. அங்கே இரண்டுதான், மூன்று இட்டால் அங்கே அது செல்லாது. அங்கிருந்து வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்களில் தாய்க்கு இரண்டு, மகனுக்கு மூன்று என்ற நிலை இருக்கக்கூடும். ஒருவருக்குச் சரியானதை மற்றவர் பின்பற்றினால் சீட்டு கெடும். இதை நான் நீட்டிச் சொல்லக் காரணம், இந்த ஒரு விலக்கைக் காட்டித்தான் 'இரண்டும் போதும், ஒன்றும் போதும்' என்ற பேச்சு இங்கே பரவுகிறது. அவர் பெயர் எந்தத் தொகுதிப் பட்டியலில் இருக்கிறது என்பதைத் தேர்தல் ஆணையர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்; அதைக் கட்சி முகவரிடம் கேட்க வேண்டாம்.