ராயபுரம் முதல் பழவேற்காடு வரை நடைத்தடம்: ஊர்க்காரங்க கேள்வி, என் பதில்

ராயபுரம்: அண்ணே, பழவேற்காடு வரைக்கும் ஒரே தடமா போடலாமா?

வேணாம் தம்பி. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் துண்டு போடுங்க, ஒண்ணு 5 கி.மீ. தாண்டக் கூடாது. நின்னு பார்த்து நடந்தா அதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகும். முதல் துண்டுக்கு 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன், பழைய நகர மதில் மேல இருக்கிற மாடிப் பூங்கா, காசிமேடு. அடுத்தது திருவொற்றியூர் கோயில், பட்டினத்தார் சமாதி, மெட்ரோவில் திரும்பிடலாம். பழவேற்காடு தனி வட்டம்: பொன்னேரியில் இறங்கி பஸ். நடுவுல கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டில் ஆளை நடக்க விடாதீங்க. எந்தத் துண்டிலும் வலை உலர்த்துற இடத்துக் குறுக்கே கோடு போடாதீங்க. முதல்ல ஊர்ப் பஞ்சாயத்துல உட்கார்ந்து பேசுங்க.

தண்டையார்பேட்டை: வழிகாட்டி போர்டு எதுல செய்யறது?

கருங்கல்லில் எழுத்து வெட்டுங்க. இரும்புன்னா உப்புக்காத்துல போல்ட்தான் முதல்ல போகும். திருப்பத்துல ஒரு அம்பு, திரும்பி முப்பது அடியில இன்னொண்ணு.

எண்ணூர்: கழிமுக அலையாத்திக் காட்டு ஓரமா பேவர் பிளாக் போட்டா சுத்தமா இருக்குமே?

கூடவே கூடாது. பேவர் போட மண்ணைக் கொட்டி மேடாக்கணும். அந்த மேடு, கடல் ஏறி இறங்கும்போது வந்து போற ஓதத்தண்ணியை மறிக்கும். சேத்துக்கு மேல விரல் மாதிரி நீட்டியிருக்கிற வேர்லதான் மரம் மூச்சு விடுது. அது மண்ணில் புதைஞ்சா மரம் சாகும்.

எண்ணூர்: பேவருக்குப் பதிலா மரப்பாலம் போட்டா ரெண்டே வருஷத்துல ஆடுமே அண்ணே?

மரக்காலை உப்புத்தண்ணியில நட்டா ஆடும்தான், கப்பல்புழு துளைச்சிடும். கால் கான்கிரீட், மேல பலகை. அகலம் 1.2 மீட்டர், பலகைக்கு நடுவே ஒரு செ.மீ. இடைவெளி, உயர்ந்த ஓதத்துக்கும் மேல தளம். இது கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துல (சி.ஆர்.இசட்.) கட்டுப்பாடு அதிகமான 1ஏ பகுதி, கடலோர மண்டல அனுமதி வராம ஒரு குழிகூடத் தோண்டாதீங்க.

மணலி: நானும் பேவர்தான் சொல்றேன், செலவு கம்மி.

எண்ணூருக்குச் சொன்னதேதான். மரம் செத்தா அங்கே எதைப் பார்க்க நடக்கிறது?

பொன்னேரி: பழவேற்காடு டச்சுக் கல்லறை பக்கத்துல கழிப்பறை கட்டலாமா?

சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கட்டப் பொதுவா தடை. அதுக்கு அப்பால் 200 மீட்டருக்குத் தொல்லியல் அனுமதி வேணும். கழிப்பறைன்னாலும் தொல்லியல் துறையைக் கேட்காம கட்டாதீங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்க.

மீஞ்சூர்: ஒரே தடமா...

ராயபுரத்துக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

பழவேற்காடு: பூநாரை பார்க்க எப்போ வரலாம்?

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரை. படகு விஷயம் வனத்துறையில கேளுங்க. வலை கிடக்கிற பக்கம் ஆளை இறக்காதீங்க, மறுபடியும் சொல்றேன்.

காசிமேடு: அப்புறம் யார் பார்த்துப்பாங்க?

துண்டுக்கு ரெண்டு பேர், உள்ளூர்க்காரங்க, மாசச் சம்பளம். மழை முடிஞ்ச ஜனவரியில பலகைப் பாலத்து ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிப் பார்க்கணும். அந்தச் சம்பளத்துக்கு வழி பண்ணிட்டு முதல் கல்லை நடுங்க.